மந்திரக்கோல் முதல் பின்னல் கவசம் வரை: கைவினை ஸ்வாப்புக்கு மாய உலகப் பரிசுகள் செய்யும் முழுமையான வழிகாட்டி

கைவினை ஸ்வாப் என்பது கையால் செய்த பரிசுகளை ஒருவருக்கொருவர் பெட்டியில் அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு. அதில் சேர்வது சுலபம். பெயர் கொடுத்தால் ஒருங்கிணைப்பவர் ஒரு ஜோடியைப் பிடித்துக் கொடுப்பார். அந்த ஜோடி நிரப்பிய கேள்வித்தாள் உங்கள் கைக்கு வரும், பெட்டி எந்தத் தேதிக்குள் கிளம்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான், அதுவும் கருப்பொருள் மாயாஜாலம் என்றால். டிராகன், சூனியக்காரி, குட்டிச்சாத்தான், ரசவாதி என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதாலேயே பலர் கடைசி வாரத்தில் ஜிகினா தூவிய ஒரு டப்பாவை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: இந்தப் பொருள் அந்த உலகத்தில் யாருடையது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறம், அளவு, எந்த இடம் தேய்ந்திருக்கும், எந்த நூலில் பின்னலாம் என்று மற்ற எல்லாமே அதிலிருந்து வந்துவிடும்.

கேள்வித்தாளைப் படிப்பது

பிடித்த கதை, பிடித்த நிறம் என்ற இரண்டு பதிலை மட்டும் பார்த்துவிட்டு வேலையில் இறங்காதீர்கள். அதைவிட முக்கியமான தகவல்கள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். கம்பளி ஒத்துக்கொள்ளுமா? வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா? சின்னக் குழந்தை இருக்கிறதா? வெயில் ஊரா, குளிர் ஊரா? வெயில் ஊர்க்காரருக்குத் தடித்த கம்பளித் தொப்பி அனுப்பினால் அது அலமாரியில் தூங்கும். அவருக்கு மெல்லிய பருத்தி நூலில் ஒரு பையோ புத்தகக் குறியோ போதும்.

‘எதுவானாலும் சரி’ என்று எழுதியிருந்தால் மலைக்க வேண்டாம். அவரே செய்து காட்டியிருக்கும் பொருட்களைப் பாருங்கள். மங்கலான பழுப்பும் பாசிப்பச்சையும் பயன்படுத்துகிறவருக்கு வானவில் நிற டிராகன் பிடிக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் ஒருங்கிணைப்பவர் வழியாகக் கேளுங்கள், ரகசியமும் கெடாது.

சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கள்

இனி ஒரு கதாபாத்திரத்தை உருவாக்குங்கள். பெரிய கதை எழுத வேண்டாம், இரண்டு வரி போதும். உதாரணமாக: சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு ரசவாதியின் உதவியாள். ஏழை. கைக்குக் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுகிறவள். இப்போது அவளுடைய மந்திரக்கோல் தங்கமும் ரத்தினமுமாக இருக்காது, நூல் சுற்றி இறுக்கிய கைப்பிடியோடு இருக்கும். அவள் போர்த்துவது பட்டுச் சால்வை இல்லை, ஓரம் கனத்த சாம்பல் நிறப் பின்னல். அவளுடைய வரைபடத்தில் ஈரக்கறை இருக்கும்.

பெட்டிக்கு மூன்று பொருள் நல்ல அளவு: கெட்டியான பிரதி (கதைப் பொருளின் நகல்) ஒன்று, பின்னல் ஒன்று, காகிதத்தில் ஒன்று. மூன்றும் ஒரே ஆளின் மூட்டையிலிருந்து வந்ததாகத் தெரிந்தால், தனித்தனியாகச் சுமாரான பொருட்கள்கூட ஒன்றாகப் பார்க்கும்போது எடுபடும்.

அனுப்பும் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களைக் கணக்கிடுங்கள். மெதுவான வேலை பின்னல்தான், அதை முதலில் ஆரம்பித்துவிடுங்கள். பசை இறுகவும் பெயின்ட் காயவும் காத்திருக்கும் நேரத்தில் ஊசியைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். கடைசி மூன்று நாட்களில் பெயின்ட் வேலையே இருக்கக் கூடாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும் வார்னிஷ், பெட்டிக்குள் சுற்றிய காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

அளவும் வரைபடமும்

ஒரு கதையில் வரும் குறிப்பிட்ட பொருளைப் பிரதியெடுக்கிறீர்கள் என்றால் பல கோணங்களில் படம் சேகரியுங்கள். அளவு எங்கும் எழுதியிருக்காது. யாராவது அதைக் கையில் பிடித்திருக்கும் படம் இருந்தால் அதுவே அளவுகோல். பெரியவர்களின் உள்ளங்கை அகலம் கட்டைவிரலை விட்டுவிட்டுப் பார்த்தால் சுமாராக 8 முதல் 9 செ.மீ. அதை வைத்துக் கைப்பிடி எவ்வளவு, முழு நீளம் எவ்வளவு என்று கணக்கிட்டு, உண்மை அளவிலேயே காகிதத்தில் வரையுங்கள். வெட்டி எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். படத்தில் கம்பீரமாக இருந்த கத்தி நிஜ அளவில் துடைப்பம் மாதிரி தெரியலாம். அதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது.

அச்சு அசலாகச் செய்வதைவிட, அதே உலகத்தில் இருந்திருக்கக்கூடிய இன்னொரு பொருளைச் செய்வது எனக்குப் பிடிக்கும். அசலோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வழியில்லை, பெறுகிறவரிடம் ஏற்கெனவே அது இருக்கவும் வாய்ப்பில்லை.

மந்திரக்கோல்

முதல் முறை செய்கிறவர்களுக்கு இதுதான் சரியான தொடக்கம். 8 முதல் 10 மி.மீ. குறுக்களவுள்ள உருண்டை மரக்குச்சி ஒன்று வேண்டும், நீளம் 30 முதல் 38 செ.மீ. வரை. தோட்டத்தில் கிடைக்கும் சுள்ளி இன்னும் அழகாக இருக்கும், ஆனால் பெட்டி நாடு விட்டு நாடு போகிறது என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பட்டையோடு உள்ள மரம், விதை, இறகு, காய்ந்த செடி ஆகியவற்றைப் பூச்சிகள் பரவும் என்ற பயத்தில் பல நாடுகளின் சுங்கத்தில் நிறுத்திவைப்பார்கள்.

1. குச்சியின் ஒரு முனையைக் கத்தியால் சீவிச் சரிவாக்கி, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 240 எண் தாளால் மெருகேற்றுங்கள்.
2. கைப்பிடிக்கு 10 செ.மீ. ஒதுக்குங்கள். குச்சியை ஒரு கையால் மெதுவாக உருட்டிக்கொண்டே குளூ கன்னால் வளையங்கள் விடுங்கள். கொடி போல ஏறவேண்டும் என்றால் உருட்டும் வேகத்தை மாற்றாமல் துப்பாக்கியை மட்டும் நகர்த்துங்கள்.
3. அடிமுனையில் ஒரு மர மணியோ பழைய பித்தான் ஒன்றோ ஒட்டுங்கள்.
4. பசை முழுதாக ஆறியதும் நூலிழை போல் தொங்கும் பிசிறுகளை வெட்டி, பிரைமரோ தண்ணீரில் சற்றே இளக்கிய வெள்ளைப் பசையோ ஒரு பூச்சு கொடுங்கள். ஹாட் குளூவின் வழுவழுப்பில் பெயின்ட் நேரடியாக நிற்காது, உரிந்துவிடும்.

சூட்டில் ஹாட் குளூ இளகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டி கிடக்கப் போகிறது என்றால் கைப்பிடியை எபாக்ஸி புட்டியால் செய்வது மேல். இரண்டு பகுதிகளையும் சம அளவில் பிசைந்து, கையுறை போட்டுக்கொண்டு உருவம் கொடுத்து, ஒரு நாள் இறுக விட்டுவிடுங்கள். பெயின்ட் விஷயம் எல்லாப் பிரதிகளுக்கும் பொது என்பதால் அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டிராகன் முட்டை

பார்க்கப் பிரமாதமாக இருக்கும், செய்வதற்குப் பொறுமை மட்டும் போதும். தெர்மகோல் முட்டை ஒன்று, தட்டையான தலையுள்ள போர்டு பின்கள் சில நூறு, நெயில் பாலிஷ் ஒன்றிரண்டு நிறம்.

நெயில் பாலிஷிலும் பெரும்பாலான ஸ்ப்ரே பெயின்டிலும் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். அதனால் முட்டையில் குத்திய பிறகு நிறம் பூசக் கூடாது. பின்களை ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தி நிறுத்தி, தலைகளுக்கு நிறம் பூசி, ஓர் இரவு காயவிட்டு, அப்புறம் முட்டைக்கு மாற்றுங்கள். அகன்ற அடிப்பகுதியின் நடுவில் முதல் பின். அதைச் சுற்றி ஒரு வட்டம், அடுத்த வட்டத்தின் தலைகள் முந்தைய வட்டத்தைப் பாதி மூடும்படி மேலே மேலே ஏறிக்கொண்டே போங்கள். ஓட்டுக் கூரை வேய்கிற முறைதான். ஒவ்வொரு பின்னும் கீழே உள்ள இரண்டு பின்களின் நடுவே விழவேண்டும். நான்கைந்து வட்டத்துக்கு ஒருமுறை முட்டையைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள், வரிசை ஒரு பக்கம் சாய்ந்தால் அப்போதே தெரியும்.

முட்டை மிகச் சிறியதாக இருந்தால் உள்ளே பின்களின் கூர்முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், பின் முழுதாக இறங்காது. விரல் வலிக்கு ஒரு தையல் விரலுறை உதவும். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இதை அனுப்பாதீர்கள், எவ்வளவு பசை போட்டாலும் சரி. அந்த வீட்டுக்கு இதே முட்டையைக் கொக்கி ஊசியில் (குரோஷே) முதலைத் தையலால் பின்னி, உள்ளே பஞ்சடைத்து அனுப்பலாம். அதிலும் செதில் செதிலாகவே வரும்.

குறுவாள், கவசத் துண்டு: ஈவிஏ ஃபோம்

ஈவிஏ ஃபோம் என்பது ரப்பர் போல வளையும், எடை குறைந்த நுரைத் தாள். எடை இல்லாமல் இரும்பு போலத் தெரியவைக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. குறுவாளுக்கு 5 மி.மீ. தாள் இரண்டு போதும். வடிவத்தை இரண்டிலும் வெட்டி, நடுவில் ஒரு மெல்லிய மரப்பட்டி வைத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நுனி துவண்டு தொங்கும். கத்தியின் அலகு புதிதாக இருக்கவேண்டும். மழுங்கிய அலகு ஃபோமை வெட்டாது, கிழிக்கும்.

ஒட்டுவதற்கு கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒட்டினால் வழுக்கும். சரியான பதத்தில் ஒட்டினால் ஒட்டிய கணத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. எனவே இரண்டு பக்கமும் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அலகின் ஓரங்களைக் கத்தியால் சாய்வாகச் சீவி, உப்புத்தாளால் சமப்படுத்திய பின் ஹீட் கன்னை மேலே ஓட்டுங்கள். ஃபோமின் மேற்பரப்பு இறுகி லேசாகப் பளபளக்கும், அப்போதுதான் பெயின்டைக் குடிக்காது. இதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. சூடு காட்டும் முன் கத்தியால் ஆழமில்லாமல் கோடுகள் கீறுங்கள். சூடு பட்டதும் கீறல்கள் வாய் திறந்து செதுக்கியது போன்ற பள்ளங்களாகிவிடும். எழுத்துகள், இலை நரம்புகள், போரில் விழுந்த வெட்டுக்காயம் எல்லாம் இப்படித்தான். அடுத்து வெள்ளைப் பசையை மூன்று நான்கு முறை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள்.

கான்டாக்ட் சிமென்டின் ஆவியும் சூடான ஃபோமின் புகையும் நல்லதில்லை. சன்னல் திறந்த அறை போதாது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி உள்ள முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

அடுத்து ஒரு நடைமுறை விஷயம். நிஜ ஆயுதம் போலத் தெரியும் பெரிய வாளைத் தபாலில் அனுப்பினால் ஸ்கேனரில் மாட்டிக்கொண்டு தாமதமாகலாம். சின்னக் குறுவாள், தோள் கவசத்தின் ஒரு செதில், உடைந்த கேடயத்தின் துண்டு, இவை கதையும் சொல்லும், அஞ்சல் செலவையும் குறைக்கும்.

தாயத்தும் மருந்துக் குப்பியும்

தாயத்துக்குப் பாலிமர் களிமண். நடுவில் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் களிமண் மூடினால் எடையும் மிச்சம், சீராகவும் வேகும். வேகவைக்கும் சூடு பிராண்டுக்கு ஏற்ப 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை மாறும். பொட்டலத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனி அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். இந்தக் களிமண்ணில் இருப்பது பிவிசி, கருகினால் நச்சுப்புகை வரும். வெந்தபின் மேலே ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், சில வகைகளில் மேற்பரப்பு என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள்.

குப்பிக்குள் நிறத் தண்ணீரும் மைக்கா தூளும் ஊற்றினால் சுழலும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அஞ்சலில் திரவம் பெரும் தொல்லை. குப்பி உடைந்தால் பின்னலும் போச்சு, வரைபடமும் போச்சு. உள்ளே மணிகள், கண்ணாடித் துகள்கள், சுருட்டிய கம்பளிப் பஞ்சு, மினுக்கும் நூல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போடுங்கள். திரவம் போலவே தெரிய வேண்டும் என்றால் யூவி ரெசின், அதாவது புற ஊதா விளக்கில் இறுகும் பிசின். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரலாம், நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆழமான குப்பியானால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக விளக்கில் காட்டி இறுகவையுங்கள். மூடிக்கு மேல் மெழுகு உருக்கி விட்டால் முத்திரை வைத்தது போலாகிவிடும்.

வரைபடத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த காகிதத்தில் தண்ணீருக்குக் கரையாத மையால் வரைந்து, தேயிலைச் சாற்றில் நனைத்து, கசக்கி, காயவிடுங்கள். இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் ஓடிவிடும், லேசர் அச்சு நிற்கும். ஓரத்தை நெருப்பில் கருக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. யாருடைய வரைபடம் அது? நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தவளுடையது என்றால் மடிப்புக் கோடுகள்தான் நைந்திருக்கும், ஓரம் இல்லை.

பெயின்ட்: பொருள் பழையதாக மாறும் இடம்

மேலே சொன்ன எதுவும் இந்தக் கட்டம் வரை வெறும் ஃபோமும் பசையும்தான். இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும், பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: கை படும் இடம் மெருகேறும், கை படாத இடுக்கில் அழுக்கு சேரும். பொருளைக் கையில் எடுத்து அதன் சொந்தக்காரர் பிடிப்பது போலப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் எங்கே படுகிறது? இடுப்பில் செருகினால் எந்தப் பக்கம் உரசும்? கீழே வைத்தால் எந்த முனை தரையில் படும்? அந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருள் முழுவதும் கறுப்போ மிக அடர்ந்த பழுப்போ அக்ரிலிக் பெயின்டில் முதல் பூச்சு. பள்ளங்களுக்குள்ளும் போகவேண்டும். காய்ந்ததும் பொருளின் நிஜ நிறம், ஆனால் பள்ளங்களில் கறுப்பு தெரியும்படி விட்டுவிடுங்கள். மூன்றாவது உலர்தூரிகை: தட்டைத் தூரிகையில் வெள்ளியோ இளம் நிறமோ தொட்டு, பழைய துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மேடான விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். தூரிகையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போதுதான் சரியான அளவு இருக்கிறது என்று அர்த்தம். நான்காவது அழுக்கு: பழுப்பைத் தண்ணீரில் நன்றாக இளக்கி எல்லா இடத்திலும் தடவி, உடனே மேடுகளில் மட்டும் துடைத்தெடுங்கள்.

இரும்புக்கு இன்னொரு வழி உண்டு. கறுப்புப் பூச்சின் மேல் பென்சில் கரித்தூளை விரலால் தேயுங்கள். வெள்ளிப் பெயின்ட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தராத மங்கிய, கனத்த பளபளப்பு வரும். செம்புக்குப் பச்சைக்களிம்பு வேண்டும் என்றால் வெளிர் நீலப்பச்சையைப் பள்ளங்களில் மட்டும் குத்திக் குத்தி வையுங்கள், மேட்டில் வைத்தால் பூஞ்சை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, முழுவதும் மேட் (பளபளக்காத) வார்னிஷ். அது காய்ந்ததும் தாளில் குறித்த இடங்களில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு. வருஷக்கணக்கில் கைபட்ட மெருகு அப்படியே வந்துவிடும்.

பின்னல்: நூலைத் தேர்ந்தெடுப்பது

மாய உலகப் பின்னல் என்றதும் சின்ன டிராகன் பொம்மைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பொம்மையில் தப்பில்லை. ஆனால் உடுத்தும் பொருள் கதையை இன்னும் நன்றாகச் சொல்லும்: விரல் மூடாத கையுறை, கழுத்துச் சுற்று, தலைமூடி, பை. இவற்றுக்கு உடலளவு பெரிதாகத் தேவையில்லை என்பது கூடுதல் வசதி. தொப்பி என்றால் பெரியவர்களின் தலைச்சுற்று பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ., பின்னலை அதைவிட 5 செ.மீ. குறைவாக வைத்தால் இழுத்துப் பிடித்து நிற்கும்.

கம்பளி ஆகாது என்று கேள்வித்தாளில் இருந்தால் பருத்தியோ அக்ரிலிக்கோ. எப்படித் துவைப்பது என்று தெரியாதவருக்கு அனுப்பினால் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளி. எந்த நூலானாலும் 10 செ.மீ.க்குச் சற்றுப் பெரிய மாதிரித் துண்டு ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, அப்புறம் கண்ணிகளை (பின்னலின் வளையங்களை) எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் அந்த எண்ணை நம்ப முடியாது.

பின்னலில் இரும்புச் சங்கிலிக் கவசம்

எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான், ஏனென்றால் பிரதியும் பின்னலும் ஒன்றாகச் சேரும் இடம் இது. நாடக மேடைகளில் சங்கிலிக் கவசத்தைப் பெரும்பாலும் இரும்பில் செய்வதில்லை. தடித்த நூலைப் பெரிய ஊசியில் பின்னி, வெள்ளிப் பெயின்ட் பூசி நடிகர்களுக்குப் போட்டுவிடுவது நெடுநாள் வழக்கம். சில அடி தூரத்தில் வித்தியாசமே தெரியாது.

சுவரில் மாட்டுவதற்கான துண்டு என்றால்: அடர் சாம்பல் பருத்தி நூல், 8 மி.மீ. ஊசி, எல்லா வரிசையும் நிட் (நேர்ப்பின்னல்). பின்னி முடித்துத் தட்டையாக விரித்து, வெள்ளி அக்ரிலிக்கை மேலே சொன்ன உலர்தூரிகை முறையில் மேற்புடைப்புகளில் மட்டும் உரசுங்கள். முக்கி எடுத்தால் காய்ந்ததும் அட்டை போல விறைத்துவிடும்.

நிஜமாகவே அணிவதற்குப் பெயின்ட் கூடாது. அதற்கு இந்தக் கழுத்துச் சுற்றைப் பின்னலாம். நடுத்தரத் தடிமனுள்ள அடர் சாம்பல் கம்பளி நூல் 100 கிராம், அதோடு சேர்த்துப் பிடிக்க லூரெக்ஸ் எனும் மெல்லிய, மினுக்கும் வெள்ளி நிற இழை, 7 மி.மீ. வட்ட ஊசி. மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 14 கண்ணி வந்தால், 85 கண்ணி ஏற்றினால் சுற்றளவு சுமார் 60 செ.மீ. வரும். முறுக்கு இல்லாமல் வட்டமாகச் சேர்த்து, ஒரு நிட், ஒரு பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் அடுத்த சுற்றில் நிட்டுக்கு மேல் பர்ல் தானாக விழும், எங்கே சுற்று தொடங்கியது என்று கவலைப்பட வேண்டியதில்லை. 25 செ.மீ. உயரம் வந்ததும் தளர்வாக முடியுங்கள். இறுக்கி முடித்தால் தலை நுழையாது. லூரெக்ஸ் சிலருக்குக் கழுத்தில் அரிக்கும், அப்படிப்பட்டவருக்கு சாம்பலின் இரண்டு சாயல்களைச் சேர்த்துப் பிடித்தாலே உலோகத் தோற்றம் ஓரளவு வந்துவிடும்.

எழுத்துகளும் உருவங்களும் பின்னும்போது

டிராகன் நிழலுருவத்தைச் சாதாரணக் கட்டத்தாளில் வரைந்து பின்னினால் டிராகன் அமுங்கிப்போன ஆமையாக வரும். காரணம், நிட் கண்ணி சதுரமில்லை, அகலம் அதிகம், உயரம் குறைவு. 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வரும் பின்னலில் 22க்கு 22 கட்டமுள்ள சதுரம் 10 செ.மீ. அகலமும் 7.3 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகமாகிவிடும். உங்கள் மாதிரித் துண்டின் விகிதத்தில் கட்டங்களை அமைத்து, அதன் மேல் வரையுங்கள்.

இரண்டு நிறம் சேர்த்துப் பின்னும்போது பின்பக்கம் ஓடும் இழை ஐந்து கண்ணிக்கு மேல் நீளாமல் இடையில் பிடித்துவிடுங்கள், கையுறையில் விரல் மாட்டும். சின்ன உருவம் ஒன்றுதான் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஒரே நிறத்தில் பின்னி முடித்துவிட்டு, கண்ணிகளின் மேலேயே ஊசிநூலால் அதே தடத்தில் தைத்துவிடலாம்.

பழங்கால வட ஐரோப்பிய ரூன் எழுத்துகள் பின்னலுக்குச் சரியாகப் பொருந்துபவை. பழைய ஃபுதார்க் என்ற ரூன் வரிசையில் 24 எழுத்துகள், கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து கிடைக்கின்றன, பெரும்பாலும் நேர்க்கோடும் சாய்கோடும்தான். ஆனால் எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுங்கள். ஓதலா, பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வரும் ஸோவிலோ ஆகிய வடிவங்களை நாஜிகள் சின்னமாகப் பயன்படுத்தினார்கள். தெரியாமல் அனுப்பிவிட்டுச் சங்கடப்பட வேண்டாம். நீங்களே ஒரு ரகசிய எழுத்தை உருவாக்கி, அதன் திறவுகோலை வரைபடத்தின் மூலையில் ஒளித்துவைப்பது இன்னும் நன்றாயிருக்கும்.

கொடி, வால், சுருக்குக் கயிறு எல்லாவற்றுக்கும் ஐ-கார்ட் என்ற உருண்டைப் பின்னல் கயிறு. பின்னல் உலகில் இதைப் பரப்பியவர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999). இருமுனை ஊசியில் மூன்று அல்லது நான்கு கண்ணி எடுத்து, நிட் போட்டு, திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் இழுத்து மறுபடி நிட். அவ்வளவுதான். உள்ளே மெல்லிய கம்பி நுழைத்தால் வால் வளைத்த இடத்தில் நிற்கும்.

ரூன் கற்களோ குப்பிகளோ வைக்கும் பைக்குக் கம்பளியை இறுகவைக்கும் முறை அருமை. சூப்பர்வாஷ் இல்லாத கம்பளியில், வழக்கத்தைவிடப் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்குங்கள். கண்ணிகள் மறைந்து கெட்டித் துணியாகும். அகலத்தைவிட உயரம் அதிகம் சுருங்கும் என்பதால், முதலிலேயே பையை நெட்டையாகப் பின்னுங்கள். இங்கும் மாதிரித் துண்டுதான் உண்மையைச் சொல்லும். கசக்கும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

பொம்மை செய்து, அந்த வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், பிளாஸ்டிக் கண் வைக்காமல் நூலால் கண் தையுங்கள்.

முடித்த கம்பளிப் பின்னலை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, வடிவம் பார்த்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். அக்ரிலிக்குக்கு இது பெரிதாக வேலை செய்யாது. ஆவி காட்டலாம், ஆனால் இஸ்திரிப்பெட்டி நூலைத் தொடக்கூடாது. தொட்டால் இழை உருகித் துவண்டுவிடும், திரும்ப வராது.

பெட்டி கட்டுதல்

பின்னலை மெத்தையாகப் பயன்படுத்த ஆசை வரும். முட்டையைச் சுற்றித் தலைமூடியைச் சுற்றினால் இடமும் மிச்சம்தான். ஆனால் பின் முனையோ காயாத பசையோ நூலில் மாட்டினால் இரண்டும் பாழ். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, உடையக்கூடியதற்கு மட்டும் பபிள் ராப். வார்னிஷ் பூசிய பரப்பை பபிள் ராப் நேரடியாகத் தொடாமல் இடையில் காகிதம் வையுங்கள், இல்லாவிட்டால் குமிழ்த் தடம் பதிந்துவிடும். மந்திரக்கோலைக் கெட்டி அட்டைக் குழாயில் போடுங்கள். பெட்டியின் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அளவுக்கு நிரப்பு இருக்கட்டும். மூடிய பின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் திறந்து இன்னும் அடையுங்கள்.

பெரிய பெட்டி கனமில்லாவிட்டாலும் செலவு வைக்கும். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அந்தக் கிலோ கணக்கும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். 40 × 30 × 25 செ.மீ. பெட்டி உள்ளே பஞ்சே இருந்தாலும் 6 கிலோ கணக்கு. எனவே பொருளைச் செய்யும் முன்பே பெட்டியை முடிவு செய்துவிடுங்கள்.

சுங்கப் படிவத்தில் மாய உலகப் பெயர்கள் வேண்டாம். ‘டிராகன் முட்டை’, ‘விஷக்குப்பி’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு வேடிக்கையாக இருக்காது. கையால் செய்த ஃபோம் அலங்காரப் பொருள், பின்னிய கழுத்துச் சுற்று, கண்ணாடி மணி நிரப்பிய குப்பி என்று உள்ளதை உள்ளபடி, மதிப்போடு எழுதுங்கள்.

பெட்டிக்குள் இரண்டு தாள் போகவேண்டும். ஒன்று சொந்தக்காரரின் கடிதம்: அந்த ரசவாதியின் உதவியாள் இந்த மூட்டையை ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று அவளே நாலு வரி எழுதியது. இன்னொன்று உங்கள் பெயரில், நேரடியாக: எந்த நூல், எப்படித் துவைப்பது, எது குழந்தை கைக்கு எட்டக்கூடாது, எதை வெயிலில் வைக்கக்கூடாது. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள், கதைக்கு நடுவில் சலவைக் குறிப்பு வந்தால் இரண்டும் கெடும்.

கிளம்பும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு எண்ணை அன்றைக்கே ஒருங்கிணைப்பவருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி தவறும் என்று தெரிந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள், அவர் எதிர்முனையில் காத்திருப்பவருக்குத் தெரிவித்துவிடுவார்.